கவாத்துக் கொழுந்து

டீச்சர்,

ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஒரு சிரிப்புப் படம் பார்த்தோம். கல்லூரிக்குப் போகும் மகள் இருக்கும்போது ஓர் அம்மாவுக்கு மறுபடி நாள் தள்ளிப்போகிறது. மகளிடம் எப்படிச் சொல்வதென்று மூன்று நாள் கண்ணாடி முன் ஒத்திகை பார்க்கிறாள். கடைசியில் மாவு கரைக்கும்போது வாய் தவறிச் சொல்லிவிடுகிறாள். மகள் திகைத்து, கோபப்பட்டு, பிறகு சிரித்துவிடுகிறாள். அம்மாவும் அழுதுகொண்டே சிரிக்கிறாள். "ஏனுங்க, உங்களுக்குச் சிரிப்பே வரலீங்களா?" என்று என் மனைவி கண்ணைத் துடைத்தபடி கேட்டாள். டீ ஆறிவிட்டது என்று சொல்லி எழுந்து போய்விட்டேன்.

நாம் ஒரே பள்ளியில் வேலை பார்த்த காலத்தில், கோத்தகிரி பஸ்ஸில் நீங்கள் முதலில் என்னிடம்தான் சொன்னீர்கள். நாற்பத்திரண்டு வயது உங்களுக்கு. "ஊட்டுக்காரருக்கு மட்டுந்தானுங்க சார் தெரியும். பொண்ணு சனிக்கிழமை ஹாஸ்டல்ல இருந்து வர்றா. நானே பக்கத்துல உக்கார வெச்சுச் சொல்லோணும். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லீராதீங்க." தலையாட்டினேன்.

உதாரணம் இல்லாமல் எனக்குப் பேச வராது, உங்களுக்கே தெரியும். மறுநாள் ஆசிரியர் அறையில், நீங்கள் ஏன் சோர்ந்திருக்கிறீர்கள் என்று யாரோ கேட்டார்கள். "பழைய தேயிலைச் செடியக் கவாத்து வெட்டி உட்டா, இனி அவ்வளவுதான்னு நெனப்போம். அதுலதான் புதுக் கொழுந்து வரும். நம்ம டீச்சரும் அப்படித்தான்" என்றேன். அறையே சிரித்தது. வருகைப் பதிவேட்டோடு நீங்கள் வாசலில் நின்றிருந்தீர்கள்.

சனிக்கிழமை பஸ்ஸில் வந்த உங்கள் மகளிடம் பின்சீட்டிலிருந்து ஒருவர், "ஏனம்மிணி, உங்க ஊட்டுல கவாத்துக் கொழுந்தாமா?" என்று கேட்டிருக்கிறார். அவள் உங்களோடு பேச இரண்டு மாதம் ஆயிற்று.

நீங்கள் என்னைத் திட்டவில்லை. மாற்றல் வாங்கிக்கொண்டு தேவாலாவுக்குக் கிளம்பிய அன்று சொன்னது இவ்வளவுதான்: "நானே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சிரிச்சிருப்போமுங்க சார்." அப்போது அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். உங்களிடமிருந்து நான் பறித்த சிரிப்பு எப்படிப்பட்டது என்பதை ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்தேன்.

போன மழைக்காலம் நீங்கள் இறந்த சேதி கேட்டு, துக்கத்துக்குத் தேவாலா வந்திருந்தேன். பெரியவள் என்னை அடையாளம் கண்டதும் உள்ளே போய்விட்டாள். சின்னவள்தான் குடை பிடித்து பஸ் ஸ்டாப் வரை வந்தாள். உங்களுடைய அதே வேக நடை.

"அம்மா என்னைப் பேர் சொல்லியே கூப்பிட மாட்டாங்க சார். கொழுந்துன்னுதான். ஏன்னு கேட்டா சிரிப்பாங்க. பழைய ஸ்கூல்ல ஒருத்தர் வெச்ச பேருன்னு மட்டும் சொன்னாங்க. யாருன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

நான் எறிந்ததை எடுத்துத் துடைத்து, ஆயுசு முழுக்கச் செல்லமாகக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

"ஞாபகம் வரலையேம்மா" என்றேன். பஸ் வந்தது. பையைத் துழாவி ஒரு சீட்டில் போன் நம்பரை எழுதிக் கொடுத்தாள். "ஞாபகம் வந்தா சொல்லுங்க சார்."

அந்தச் சீட்டைச் சட்டைக்குச் சட்டை மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறேன், டீச்சர்.