பீரங்கி வைத்த பெயர்

அன்புள்ள அண்ணி,

இன்று காலை கடலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தேன். நம் ஊர் வந்ததும் கண்டக்டர், "குண்டெல்லாம் எறங்கு, குண்டெல்லாம் எறங்கு" என்று கத்தினார். என் பக்கத்தில், கழுத்தில் புது மஞ்சள் கயிற்றோடு, பூசினாற்போல ஒரு பெண். அவள் முகம் சுண்டிவிட்டது. "அது ஊர்ப்பேரும்மா. குண்டு உப்பலவாடின்னு முழுசா சொல்ல அவருக்குச் சோம்பல்" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. இதை எனக்குப் புரியவைத்த நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

சுனாமிக்கு அடுத்த வருஷம் உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு சிதம்பரத்திலிருந்து இங்கே வந்தேன். அதற்கு முன்னால் பெண் பார்க்க வந்து, பஜ்ஜியை ஒரு கை பார்த்துவிட்டு, "பொண்ணு கொஞ்சம் கனம்" என்று போனில் சொன்னவர்கள் உண்டு. அதனால் காதைத் தீட்டிக்கொண்டுதான் புகுந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தேன். பத்திரிகையில் வெறும் உப்பலவாடி என்றுதான் அச்சடித்திருந்தார்கள். முன்னால் ஒரு குண்டு இருப்பது வந்த பிறகுதான் தெரியும். அதை மட்டும் தனியே எடுத்து ஊருக்குப் பெயராகச் சொல்வீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பக்கத்துத் தெருவிலிருந்து தினமும் வருவீர்கள். வந்ததும் போன். "எந்த வசந்தாவா? நம்ம குண்டு வசந்தா! குழம்பு வெச்சா தெருவே மணக்குது." அடுப்படியில் எனக்குக் கரண்டி நழுவும். உங்கள் சித்தப்பாவின் மருமகளும் வசந்தாதான். ஒல்லியாக இருப்பாள். அவளை வடலூர் வசந்தா என்பீர்கள். அவளுக்கு ஊர்ப்பேர், எனக்கு உடம்புப்பேர். குழம்பைப் புகழ்ந்தது காதில் ஏறவே இல்லை.

மார்கழியில் ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு, இருந்த துணிமணியை எல்லாம் பெட்டியில் அடைத்தேன். திரும்பி வருவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். உங்கள் தம்பியிடம்கூடச் சொல்லவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் நீங்கள் வந்து, "நாளைக்குப் போற இல்ல, இன்னிக்கி தேவனாம்பட்டினம் பீச்சுக்குப் போயிட்டு வரலாம் வா" என்று இழுத்துக்கொண்டு போனீர்கள்.

திரும்பும்போது கோட்டைப் பக்கம் போனோம். கோட்டை என்றதும் நான் செஞ்சி மாதிரி நினைத்திருந்தேன். கெடிலம் ஆற்றோரமாகப் புதருக்குள் இடிந்த செங்கல் சுவர்கள்தான். அங்கே ஒரு பேராசிரியர் தன் மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நீங்கள் கூச்சமே இல்லாமல் கடைசி வரிசையில் போய் நின்றுகொண்டீர்கள்.

"மராட்டியர்கிட்டேருந்து இங்கிலீஷ்காரன் இந்தக் கோட்டைய வாங்கறப்போ சுத்துவட்டார நெலத்தையும் சேத்து வாங்கினான். எதுவரைக்கும்? இங்கேருந்து பீரங்கி சுட்டா குண்டு எங்க போய் விழுதோ, அதுவரைக்கும். நாலா பக்கமும் சுட்டாங்க. அந்த எல்லைக்குள்ள வந்த ஊருங்கதான் குண்டு கிராமம்" என்றார் அவர். அப்புறம் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளியதையும் சொன்னார். கோட்டை போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது என்றார்.

உங்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "சார், நாங்க குண்டுதான் சார்!" என்று கையைத் தூக்கினீர்கள். முருங்கைக்காய் மாதிரி இருக்கும் உங்களைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். நீங்கள் அசரவில்லை. "இவளும் குண்டுதான். வடலூர்ல ஒருத்தி இருக்கறதால இவள குண்டு வசந்தாம்போம். சிதம்பரத்துக்காரி சார், இப்ப எங்க ஊரு!"

அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். பிள்ளைகள் நகர்ந்த பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன், பெட்டி உட்பட. உங்கள் முகம் வெளுத்துவிட்டது.

"அடிப்பாவி, இத்தினி மாசமா இத மனசுல வெச்சிகிட்டா எங்களுக்கு ஆக்கிப் போட்ட? நா எல்லார்கிட்டயும் நீ எங்க ஊருக்காரின்னு பெரும பேசிகிட்டு இல்ல இருந்தேன்" என்றீர்கள். அப்புறம் நீங்களும் அழுதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும், "இனிமே எவளும் இவள அந்தப் பேரு சொல்லிக் கூப்புடக் கூடாது" என்று உத்தரவு போட்டீர்கள். காரணம் கேட்டவர்களிடம் வாயே திறக்கவில்லை. மறுநாள் ஆருத்ராவுக்கு நீங்களும் கூடக் கிளம்பிவிட்டீர்கள். நான் பெட்டியை வைத்துவிட்டு மஞ்சப்பையோடு வந்தேன். நீங்கள் ஏன் துணைக்கு வந்தீர்கள் என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குத்தான் அண்ணி உங்களுக்கு என் முதல் நன்றி. என் குடும்பம் அதனால்தான் நிலைத்தது.

உங்கள் உத்தரவை வீட்டில் யாரும் மீறவில்லை. கடைசிவரை நீங்களும்தான். எனக்கே சில நாள் அந்தப் பேரைக் கேட்க ஏக்கமாக இருக்கும். அப்படிக் கூப்பிடுங்கள் என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கம்.

நீங்கள் போன அன்று வாசல் நிறையச் சனம். உங்களைக் குளிப்பாட்டக் கூடத்தில் தண்ணீர் எடுத்து வைத்திருந்தார்கள். வயதான உங்கள் அத்தை, "வசந்தாவ வரச் சொல்லுங்க" என்றார். வடலூர்க்காரி எழுந்தாள். யாரோ, "எந்த வசந்தா?" என்று கேட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"குண்டு வசந்தா" என்று நானே சொல்லி, சொம்பை வாங்கிக்கொண்டேன்.