வெத்துப் பொட்டலம்

நேற்று காலை ஆபீசுக்குள் நுழைந்து குடையைக்கூட மடக்கவில்லை, அட்மின் பெண் தன் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். பழைய சர்வரில் ஓடும் புரோகிராம்களின் பட்டியல். எல்லாவற்றையும் புது சர்வருக்கு மாற்றியாகிவிட்டது, ஒன்றே ஒன்று மிச்சம். "சேச்சீ, இது ஒண்ணு மட்டும் கெடந்து உறங்குது. சேச்சியோட பேர்லதான் இருக்கு. யாருக்கும் வேண்டாத்தது போல இருக்கே, கில் செய்யட்டா?" என்றாள், மலையாளம் கலந்த தன் தமிழில். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள், ஓடுகிற புரோகிராமை நிறுத்துவதற்கு எங்கள் தொழிலில் தினமும் புழங்குகிற சொல் அது. "தொடாதே" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அது நீ அனுப்பும் செய்தியை வாங்குவதற்காக நான் எழுதிய புரோகிராம், மாமி.

மாமி என்று கூப்பிட்டால் எரிந்து விழுவாய். "ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. நீ என்னை மாமின்னா நான் உன்னைப் பாட்டிம்பேன்" என்பாய். வலியசாலை அக்கிரகாரத்திலிருந்து வருகிறவள் என்பதற்காக ஆபீஸ் முழுக்க உனக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான். வேறு எப்படியும் உன்னைக் கூப்பிட எனக்கு வராது, இனிமேல் கற்றுக்கொள்ளவும் போவதில்லை.

வாங்குவதுதான் நம் இருவருக்கும் வேலையாக இருந்தது. விழிஞ்ஞத்திலிருந்து கடலுக்குப் போகும் படகுகளில் ஒரு சின்னக் கருவி இருக்கும். அது அனுப்பும் செய்திகளைக் கரையில் பிடித்துத் திரையில் காட்டவேண்டும். அனுப்புகிற பக்கத்தை வேறு ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். நாம் செய்தி வந்து சேரும் வாசலாக ஒரு சாக்கெட்டைத் திறந்து வைத்து, ரெசீவ் என்று ஒரு வரி எழுதிவிட்டு உட்காருவோம். அந்த வரிக்கு வந்ததும் புரோகிராம் தூங்கிவிடும். செய்தி வந்தால், மெஷினை உள்ளிருந்து நடத்தும் கர்னல் தட்டி எழுப்பும். வராவிட்டால் எழுப்பாது, அவ்வளவுதான் விஷயம்.

இந்த "வராவிட்டால்" என்பதில்தான் நமக்குள் சண்டை. நீ எழுதிய ஒவ்வொரு ரெசீவுக்கும் பக்கத்தில் ஒரு கெடு இருக்கும். இவ்வளவு நேரம் பார், அதற்குள் வராவிட்டால் எழுந்து வந்து சொல்லு என்று. ஆபீசில் டைம்அவுட் என்போம். நான் பாதி நேரம் அதை எழுதமாட்டேன், வருகிறபோது வரட்டும் என்று விட்டுவிடுவேன். நீ என் திரையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாய். "வாசலைப் பாத்துண்டே ஒக்காந்திருக்கறதுக்குப் பேர் பக்தி. புரோகிராம் இல்லேடி."

இவ்வளவு கறாராக இருந்தவள், ஒருமுறை சறுக்கினாய் பார், அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. முதலில் படகுகளோடு போனில் பேசுவதைப்போல ஓர் இணைப்பு வைத்துச் செய்தி வாங்கினோம். அந்த வகையில் ரெசீவ் பூஜ்யம் என்று சொன்னால், எதிர்ப்பக்கம் இணைப்பை மூடிவிட்டுப் போய்விட்டது என்று பொருள். பிறகு இணைப்பில்லாமல், தனித்தனியாக வந்து விழும் டேட்டாகிராமுக்கு மாறினோம். நீ அதைப் பொட்டலம் என்பாய், கோயில் வாசலில் சுண்டல் வாங்குகிறவளைப்போல. பொட்டலத்தில் பூஜ்யம் வந்தால் பொருளே வேறு. பொட்டலம் வந்திருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை, அவ்வளவுதான். போய்வருகிறேன் என்று சொல்கிற வழக்கமே அந்த வகையில் கிடையாது. எதிராளி போனால் போனதுதான், வாங்குகிறவனுக்கு யாரும் சொல்லமாட்டார்கள்.

நீ பழைய புரோகிராமிலிருந்து அந்த வரியை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டாய். பூஜ்யம் வந்தால் படகைத் திரையிலிருந்து எடுத்துவிடு என்ற வரியை. சொல்வதற்கு விசேஷம் எதுவும் இல்லாத படகு, இருக்கிறேன் என்பதற்கு அடையாளமாக வெறும் பொட்டலம் அனுப்பும். காற்றில்லாமல், கடல் பசுமாடு மாதிரிக் கிடந்த ஒரு பகலில் திரையிலிருந்து படகுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. விழிஞ்ஞத்தில் கரையிலிருந்து திரையைப் பார்த்த ஒரு பெண், தன் புருஷன் போன படகைக் காணவில்லை என்று போனில் அழுதாள். "என்ற ஆளு போன போட்டு காணான் இல்லல்லோ சேச்சீ!" அவளுக்கு மூச்சு வாங்கியது எனக்கு இங்கே கேட்டது.

கண்டுபிடித்தது நீயேதான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாய். "இருக்கேன்னு சொல்றவாளையெல்லாம் போயிட்டான்னு எழுதி வெச்சுட்டேனேடி!" திருத்திவிட்டு சும்மா இருக்க உன்னால் முடியவில்லை. பஸ் ஏறி விழிஞ்ஞம் போய் அந்தப் பெண்ணிடம் நேரில் மன்னிப்புக் கேட்டாய். அவள் சந்தோஷத்தில் ஒரு பை நிறைய அயிலை மீனை உன் கையில் திணித்தாள். மறுத்தால் அவள் மனம் நோகும் என்று வாங்கிக்கொண்டு, பையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தபடி வந்து என் மேஜையில் வைத்தாய். முகத்தைப் பார்க்கவேண்டுமே! நான் அன்றைக்குத் தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தேன், எங்கள் நாஞ்சில் நாட்டு வழக்கப்படி. உன் தவறு நல்ல ருசி என்று மறுநாள் சொன்னதற்கு என் முதுகில் ஓங்கி அடித்தாய்.

அப்புறம் உனக்கு உடம்புக்கு வந்தது. அதை விவரமாக எழுத எனக்குத் தெம்பில்லை. சிகிச்சைக்கு நடுவில் வீட்டில் படுத்திருந்தபோது உன்னை அதிகம் வாட்டியது வலி இல்லை, போன்தான். எப்படி இருக்கே, சாப்பிட்டியா, டாக்டர் என்ன சொல்றார். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிச் சொல்லி உன் குரலே தேய்ந்துபோனது. ஒருநாள் நான் வந்தபோது மடியில் லாப்டாப்பை வைத்துக்கொண்டு சொன்னாய். "கார்த்தால இதைத் தெறந்தேன்னா தானா ஒரு வெத்துப் பொட்டலம் ஆபீஸ் சர்வருக்கு வரும். வந்தா இருக்கேன்னு வெச்சுக்கோ. பதில் போடாதே, கேள்வி கேக்காதே, அழுது தொலைக்காதே."

அனுப்புகிறதை நீ எழுதினாய், வாங்குகிறதை நான் எழுதினேன். உன் லாப்டாப்பிலிருந்து பொட்டலம் வந்தால் என் திரையில் உன் பெயர் ஒரு வரியாக விழும். வேறொன்றும் செய்யாது. நீ அதை வாங்கிப் படித்தாய், தலையில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி.

"கெடு எங்கடி?"

"வைக்கமாட்டேன். போ பிள்ளே."

நீ கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டாய். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. "சரி, இது ஒண்ணுக்கு மட்டும்" என்றாய்.

அதற்குப் பிறகு என் காலைகள் உன் பெயர் விழுவதற்காகவே விடிந்தன. சில நாள் நான் வந்து உட்கார்வதற்குள் விழுந்திருக்கும். மருந்து ஏற்றிய மறுநாளென்றால் மத்தியானம் ஆகும். விழுகிறவரை டீ இறங்காது எனக்கு. கடைசி நாளிலும் காலையிலேயே விழுந்தது. நான் நிம்மதியாக டீ குடித்தேன், மீட்டிங்குக்குப் போனேன், யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரிக்கவும் செய்தேன். மத்தியானம் அத்திம்பேர் போன் செய்தார்.

உன் கணவரை நானும் அத்திம்பேர் என்றுதான் கூப்பிடவேண்டும் என்பது உன் உத்தரவு. எங்கள் பக்கத்தில் அக்காள் கணவரை அத்தான் என்போம். என் வாயில் உங்கள் வீட்டுச் சொல் வருவதைக் கேட்டு உனக்கு ஒவ்வொரு தடவையும் சிரிப்பு. அவருக்கும் பிடித்திருந்தது. அன்றைக்கு "சொல்லுங்க அத்திம்பேர்" என்றேன். அவரால் சொல்ல முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் போனை வாங்கிச் சொன்னார்.

புரோகிராமுக்குத் தெரியாது. அதற்கு யாரும் சொல்லவில்லை, சொல்லவும் வழியில்லை. அது தன் பாட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தியிருக்கலாம். காரியமெல்லாம் முடிந்து ஆபீசுக்குத் திரும்பிய அன்று கைவைத்தேன், முடியவில்லை, விட்டுவிட்டேன். உன் லாப்டாப்புக்கு ஆபீஸ் சர்வரோடு இருந்த இணைப்பை ரத்து செய்யவும் யாருக்கும் மனம் வரவில்லை. மறந்துபோனார்களோ என்னவோ.

நீ போய் வருஷம் திரும்புகிற சமயத்தில் ஒரு காலை, உன் பெயர் விழுந்தது.

நாற்காலி பின்னால் சாயும்படி எழுந்து நின்றுவிட்டேன். இந்தத் தொழிலில் இத்தனை காலம் கிடந்தவள், யார் எங்கிருந்து எப்படி அனுப்ப முடியும் என்று தெரிந்தவள். அந்த ஒரு கணம் எதுவும் எனக்கு நினைவில் இல்லை. நீ இருந்தாய், மாமி. வலியசாலையில் லாப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் அனுபவித்ததில்லை. அது போனபோது உன்னை இரண்டாவது தடவை தூக்கிக்கொண்டு போனார்கள்.

அத்திம்பேருக்குப் போன் செய்தேன். "அவளோட வருஷ ஆப்தீகம் வரதோல்லியோ, போட்டோ வேணும்னு எல்லாரும் கேட்டா. அவ லாப்டாப்புல இருக்குமேன்னு தெறந்தேன். ஏம்மா, நான் எதையாவது கெடுத்துட்டேனா?" என்றார். "ஒண்ணும் இல்ல அத்திம்பேர், சும்மா கூப்பிட்டேன்" என்று வைத்துவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாளும் விழுந்தது. அதற்கு மறுநாளும். ஆப்தீகம் கழிந்த பிறகும் நிற்கவில்லை. குழந்தை குட்டி இல்லாத வீட்டில் மனிதர் காலையில் எழுந்து குளித்துவிட்டு உன் படங்களைத் திறந்து பார்க்கிறார் என்று புரிந்துகொண்டேன். முதலில் எனக்கு அவர்மேல் ஆத்திரம்தான் வந்தது. தினமும் உன் பெயர், தினமும் நீ இல்லை, யாரால் தாங்க முடியும்? பிறகு பழகிவிட்டது. உன் பெயரைப் பார்த்ததும், சரி, அத்திம்பேர் எழுந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு டீயை எடுப்பேன்.

போன மாதம் ஒருநாள் விழவில்லை. மத்தியானம்வரை பார்த்தேன். போன் செய்தால் மணியே அடிக்கவில்லை. ஆட்டோ பிடித்து வலியசாலைக்கு ஓடினேன். கதவு தாழிடாமல் இருந்தது. கூடத்துத் தரையில் பாய்கூட இல்லாமல், காய்ச்சலில் அனலாகக் கிடந்தார். போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. அவர் வெளியூர் போயிருக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் நினைத்திருக்கிறார்கள். டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டி, கூட்டிவந்து, உன் சமையலறையில் பாத்திரம் தேடிக் கஞ்சி வைத்தேன். நீ எதை எங்கே வைத்தாயோ அது அங்கேயே இருக்கிறது.

கஞ்சியைக் குடித்துவிட்டுக் கேட்டார். "நான் விழுந்து கெடக்கறது ஒனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்.

"அவ பேர்லேயா வரது?"

"ஆமா, அத்திம்பேர்."

"தினமுமா?"

"நீங்க தெறக்குத அன்னைக்கெல்லாம்."

டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "அவ ஒடம்பு பட்டதெல்லாம் போறும்மா. எனக்காக இன்னும் தினம் கார்த்தால அவளை எழுப்பாதே. என் பேரைப் போட்டுடு" என்றார். அழாமல் சொன்னார். அழுதது நான்தான். அழுது தொலைக்காதே என்று நீ போட்ட உத்தரவை அவ்வளவு நாள் மற்றவர்கள் முன்னாலாவது காப்பாற்றியது அங்கே உடைந்தது.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேனே தவிர, மாற்றவில்லை. மாற்றவேண்டியது ஒரே ஒரு இடம், ஒரே ஒரு பெயர். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். அவர் கேட்கவும் இல்லை. நேற்று அட்மின் பெண் திரையைத் திருப்பிக் காட்டியபோது இனித் தள்ள முடியாது என்று தெரிந்தது.

சாயங்காலம்வரை அவளிடம் தவணை வாங்கினேன். ஃபைலைத் திறந்தேன். உன் பெயர் அப்படியே இருந்தது. கர்சரை அதன் கடைசி எழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். அவர் பெயரை அடித்தேன். ரெசீவுக்குப் பக்கத்தில் கெடுவும் வைத்தேன். இத்தனை மணிக்குள் வராவிட்டால் என் போன் அடிக்கும். அவருடைய வீட்டுக் கதவை இன்னும் தட்ட முடியும், தட்டினால் திறக்க உள்ளே ஒரு மனிதர் இருக்கிறார். புது சர்வரில் அதை ஓடவிட்டுவிட்டு, பழையதை நிறுத்தப் போனேன். "ஞான் செய்யட்டா சேச்சீ?" என்று அட்மின் பெண் மெதுவாகக் கேட்டாள். அவளுக்கு ஏதோ புரிந்திருக்கிறது. நானே செய்தேன். நிறுத்து என்ற சிக்னல் போனதும் தூங்குகிற புரோகிராம் விழித்துக்கொள்ளும், விழித்ததும் முடிந்துபோகும். பட்டியலில் அந்த வரி இருந்த இடத்துக்குக் கீழேயிருந்த வரி ஏறி வந்துவிட்டது.

இன்று காலை நேரத்துக்கே அவர் பெயர் விழுந்தது. அத்திம்பேர் இருக்கிறார். டீ எடுத்துக்கொண்டேன்.

உனக்காகக் காத்திருக்கிற புரோகிராம் இனி எந்த மெஷினிலும் ஓடவில்லை. நான் ஒருத்திதான் மிச்சம், மாமி.