தொண்ணூறு கிராமும் அண்ணன் முகமும்

ஜனவரி 19

பனி. எதிரே நிற்கும் டிராக்டர்கூடத் தெரியவில்லை. சோளம் அடிக்கும் மெஷினுக்கு பெல்ட் மாற்றினேன். கம்பெனி இன்ஜினியருக்கே அரை நாள் வேலை. எனக்கு ஒரு டீ குடிக்கிற நேரம். இந்தக் குன்னம் தாலுகாவில் மெஷின் கெட்டால் முதல் போன் எனக்குத்தான்.

மண்டித் தராசில் ஏறிப் பார்த்தேன். எழுபத்தாறு. தீபாவளிக்குத் தொண்ணூறு.

மண்டிக்காரர்: "என்னா மாமா, ஈரப்பதம் பூரா காஞ்சிருச்சா?"

"ஈரம் இல்லடா, கொழுப்பு. ஒனக்கும் வேணும்னா வா, காய வைக்கிறேன்."

எல்லாம் முழங்காலுக்காக. அரியலூர் எலும்பு டாக்டர் எடையைக் குறைத்தே ஆகணும் என்றார். பெரம்பலூரில் சாப்பாட்டுக் கணக்கு சொல்லும் பெண்ணிடம் அனுப்பினார். என் மகள் வயசு இருக்கும். "ஒரு கிலோ ஒடம்புக்கு ஒரு கிராம் புரதம். எளைக்கிறப்ப அதுக்குக் கொறையவே கூடாதுங்கய்யா" என்றது. நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் கணக்கில் வாத்தியாரே தடுமாறினால் என் முகத்தைத்தான் பார்ப்பார். தொண்ணூறு கிலோவுக்குத் தொண்ணூறு கிராம். முட்டை ஒன்று ஐம்பது. சுண்டல் ஒரு பிடி நாற்பது. தீர்ந்தது கணக்கு. சோறு, இட்லி எல்லாம் தள்ளுபடி. பசித்தால் கஞ்சித் தண்ணி.

என் வீட்டுக்காரி மல்லிகா அரியலூரில் மகள் பிரசவத்துக்குப் போய் கார்த்திகையிலிருந்து அங்கேதான். எனக்கு முட்டையும் சுண்டலும் அடுத்த வாசல் தனம் அண்ணி அவித்துத் தருகிறார். செத்துப்போன என் அண்ணன் கலியபெருமாளின் சம்சாரம். பிள்ளை குட்டி இல்லை. இரண்டு வருஷமாக நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷி.

வாங்க: கிரீஸ், தாம்புக்கயிறு, மகளுக்குப் பூண்டு.

ஜனவரி 27

குன்னம் பஸ் ஸ்டாண்ட். பூலாம்பாடிக்காரர் ஒருவர், வயசானவர், என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தார்.

"கலியபெருமாளு, ஒடம்பு தேவலயா?"

"நான் அவரு தம்பிங்க. அண்ணன் தவறி ரெண்டு வருசமாச்சு."

மேலும் கீழும் பார்த்தார். "சரி சரி, இருக்கட்டும், நல்லா இருந்தா சரி" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார். நம்பவில்லை. (மண்டியில் சொல்லும்போது பத்துப் பேர் எழுந்து நின்று கும்பிட்டதாகச் சொன்னேன். ரசித்தார்கள்.)

வீட்டுக்கு வந்து கண்ணாடி. கன்னத்து எலும்பு ஏறியிருக்கிறது. மூக்கு நீண்டுவிட்டது. அண்ணன் ஒல்லி, நான் உருண்டை. எங்களை ஒரே சாடை என்று யாரும் ஒரு நாளும் சொன்னதில்லை.

சாயங்காலம் அண்ணனுடைய மாடு என் கையை நக்கியது. இதுவரை என்னோடு கொம்பால்தான் பேசும்.

பிப்ரவரி 3

வெயில் ஏறிவிட்டது. சோளக் கொல்லை ஒன்று பாக்கி. எழுபத்து மூன்று கிலோ.

தட்டில் முட்டை இல்லை. கஞ்சி மட்டும். கேட்டேன். அண்ணி என் முகத்தைக் கோழி பார்ப்பது மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தார்.

"கன்னத்துல இன்னும் கொஞ்சம் சதை இருக்கு. அதுவும் போயிட்டா சரியா இருக்கும்."



மடித்து வைத்த சட்டை ஒன்று கொண்டுவந்தார். அண்ணனுடைய நீலச் சட்டை. போன வருஷம் என் கைகூட நுழைந்திருக்காது. போட்டேன். தோள், கை, நீளம் எல்லாம் எனக்கென்றே தைத்த மாதிரி. எந்த உடுப்பும் எனக்கு எடுப்பாக இருக்கும், அது ஊருக்கே தெரியும். ஆனால் இது அப்படி இல்லை.

"என்னங்க, தண்ணி மொண்டு வச்சிருக்கேன்" என்றார் அண்ணி.

என்னை தம்பி என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து.

"அண்ணி, நான் சின்னவன்."

"தெரியுதுங்க" என்று சிரித்தார்.

பிப்ரவரி 8

பெரம்பலூர். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டது. நான் என் கணக்கைப் பெருமையாகச் சொன்னேன். அதுக்குக் கோபம் வந்துவிட்டது.

"முட்டை அம்பது கிராம்னா புரதம் அம்பதா? அதுல ஆறு கிராம்தாங்கய்யா. நீங்க சோளம் அடிக்கிறவங்கதான? கதிரை நிறுத்துட்டு அம்புட்டும் மணின்னு சொல்லுவீங்களா? சக்கை கழியாதா?"

என் தொழிலை வைத்தே என்னை அடித்துவிட்டது. மூன்று மாசமாகச் சக்கையையும் சேர்த்து நிறுத்திருக்கிறேன்.

"போதுமானது கெடைக்கலன்னா ஒடம்பு தன்னையே எடுத்துத் தின்னும். கையில, தொடையில, கன்னத்துல இருந்த சதையெல்லாம் அப்படிப் போனதுதான். இன்னும் விட்டா ஆளே விழுந்துருவீங்க."

ரத்தம் பார்த்தார்கள், கிட்னி நன்றாக இருக்கிறது. எழுதிக் கொடுத்தது: காலையில் முட்டை இரண்டு, மதியம் மீன் அல்லது கோழி, கெட்டிப் பருப்பு, மொச்சை, பயறு, இரவு மோர், இன்னும் ஒரு முட்டை. சோறும் கொஞ்சம். எடை மெதுவாகக் குறைந்தால் போதுமாம்.

பஸ்ஸில் வரும்போது ஒரே யோசனை. அடித்து எடுத்தால் கதிருக்குள் மணி. என்னை அடித்து எடுத்தால் உள்ளே அண்ணன். இத்தனை வருஷம் என் சதைக்கு அடியில் அவர்தான் இருந்திருக்கிறார்.

பிப்ரவரி 10

ஒரு அட்டை முட்டை வாங்கி அண்ணி அடுப்படியில் வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனேன். திரும்பி வந்தால் அத்தனையும் எருக்குழியில். மஞ்சள் மஞ்சளாக.

"ஒங்களுக்கு ஆகாதுங்க. தொண்டையில நிக்கும். கஞ்சிதான் குடுக்கணும்னு டாக்டர் சொல்லிருக்காரு."

அது அண்ணனுடைய டாக்டர் சொன்னது. கடைசி மாசத்தில்.

அண்ணி தலையில் மல்லிகைப்பூ. இரண்டு வருஷத்தில் இப்போதுதான் அவர் தலை வாரிப் பார்க்கிறேன். வாசல் கூட்டும்போது வாய்க்குள் ஏதோ பாட்டு. மாட்டோடு பேசுகிறார், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கிறார். அதைப் பார்த்த பிறகு முட்டை கேட்க எனக்கு வாய் வரவில்லை. பெரம்பலூரிலோ குன்னத்திலோ ஓட்டலில் தின்னலாம்தான். போனேன், ஆம்லெட் சொன்னேன். அவர் பூ வைத்த தலை நினைவுக்கு வந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

மெஷின் பெல்ட்டைத் தூக்க முடியவில்லை. ஆள் வைத்துத் தூக்கினேன். இடுப்புப் பிடிப்பு என்று சொல்லிக்கொண்டேன்.

பிப்ரவரி 16

மல்லிகா வந்துவிட்டாள். பேத்தி நலம், நல்ல நிறம், என் நெற்றி.

அண்ணி வாசலில் என்னைப் பார்த்தவள் பையை இறக்கி வைக்கவே இல்லை. போனில் பார்த்தபோது வெளிச்சம் சரியில்லை என்று நினைத்தாளாம்.

"என்னங்க" என்றாள். உள்ளே இருந்து அண்ணியும் அதே நேரம் "என்னங்க" என்றார். இரண்டுக்கும் நான் திரும்பினேன்.

மல்லிகா: "அக்கா, இவரு எம் புருஷன்."

அண்ணி: "ஒம் புருஷன் குண்டால்ல இருப்பாரு?"

கேலி மாதிரி இல்லை. உண்மையாகவே விசாரிக்கிற மாதிரி.

மல்லிகா என்னை எங்கள் அடுப்படிக்குள் இழுத்துப் போய் அழுதாள். "தின்னுங்க. மொதல்ல தின்னுங்க. ஒங்க மொகம் வரட்டும்."

"தின்னா அண்ணி மறுபடியும் பழையபடி ஆயிருவாங்கடி."

"தின்னலன்னா நீங்க இருக்க மாட்டீங்க."

அவள் சொன்ன யோசனைதான். மாசியில் அண்ணன் திதி வருகிறது. போன வருஷம் அறுவடைச் சீசனில் படையல் விட்டுப்போனது. "பெரியவரு பசியா இருக்காரு. அவருக்குப் போட்டு அனுப்பிட்டா அக்கா தெளிஞ்சிரும்." நான் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. லப்பைக்குடிக்காடு ரோட்டில் முனியிடமே வழி கேட்டவன். ஆனாலும் சரி என்றேன்.

பிப்ரவரி 24

படையல். உச்சி வெயில். காற்று இல்லை.

இலையில்: சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை இரண்டு, மொச்சை, வடை, ஒரு செம்புத் தண்ணி. விளக்கு. எங்கள் பக்கம் வழக்கம், இலை போட்டதும் எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். வந்து சாப்பிடுகிறவருக்குக் கூச்சம் இருக்கக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்துத் திறப்பார்கள்.

நானும் வெளியேதான் வந்தேன். அண்ணி என் முழங்கையைப் பிடித்தார்.

"நீங்க எங்க வெளிய வர்றீங்க? ஒங்களுக்குத்தான் எலை போட்டுருக்கு. போய் உக்காருங்க."

மல்லிகா என் சட்டையைப் பிடித்தாள். அண்ணி முகத்தைப் பார்த்தேன். உள்ளே போனேன். கதவு சாத்தினார்கள். வெளியே தாழ்ப்பாள்.

ஜன்னலும் அடைப்பு. விளக்கு வெளிச்சம் மட்டும். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முட்டை இரண்டு, மொச்சை, கருவாடு. அந்தப் பெண் எழுதிக் கொடுத்ததில் பாதி நாள் கணக்கு இலையிலேயே இருக்கிறது. தின்று முடித்தால் எல்லாருக்கும் நல்லது. கை நீட்டினேன். முட்டைக்கு ஒரு சாண் முன்னால் கை நின்றுவிட்டது. யாரும் பிடிக்கவில்லை. எனக்கே முடியவில்லை. அடுத்தவர் இலை.

நகர்ந்து சுவரோரம் சாய்ந்தேன். இலைக்கு முன்னால் இடம் விட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

மொச்சைத் தோல் பிதுங்குகிற சத்தம். அண்ணன் ஒவ்வொன்றாகப் பிதுக்கித்தான் தின்பார். நான் தோலோடு தின்கிறவன். செம்பு தரையில் வைத்த சத்தம். நான் எதையும் சேர்த்து எழுதுகிற ஆள்தான். இதில் ஒன்றும் சேர்க்கவில்லை.

வெளியே அண்ணி: "ஆச்சாங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் "ம்" என்று வந்தது. நான் சொல்லவில்லை.

கதவு திறந்தது. வெயில் கண்ணில் அடித்தது. அண்ணி முதலில் இலையைப் பார்த்தார். இலை மடித்திருந்தது. தலையிலிருந்த பூவை எடுத்து இலைமேல் வைத்தார். அழவில்லை. பிறகுதான் சுவரோரம் என்னைக் கவனித்தார்.

"நீங்க எப்ப வந்தீங்க தம்பி?"

"இப்பத்தான் அண்ணி."

"என்னா இப்புடி எளைச்சுப் போயிட்டீங்க. சாப்புடுறதில்லயா? எலையில இருந்தது தீந்துபோச்சே." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பினார். "இருங்க, முட்டை அவிக்கிறேன். எத்தினி தம்பி?"

நாலு என்றேன்.