வாணி தாண்டிய மதில்

2008 மார்ச் 9, ஞாயிறு

இன்று அங்கே நின்றவர்கள்: மேல் வீட்டு நவரட்ணராஜா ஐயா, அவர் சம்சாரம் லீலாதேவி அம்மா, கீழ் வீட்டு ஜெஸீமா, அவள் மகன் முஹ்ஸின், என் பேத்தி வாணி, பாப்பம்மா என்கிற நான். ஆறு பேர். எழுதி வைக்கிறேன். எழுபத்தேழில் தோட்டத்தில் எங்கள் லய வீடுகளுக்கு நெருப்பு வைத்தபோது யார் யார் நின்றார்கள் என்று எழுதி வைக்காமல் விட்டேன். பிறகு கேட்டால் ஒருத்தனும் அங்கே இல்லையாம். ஹேவாஹெட்டத் தோட்டப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆட்களின் பெயர் எழுத அது போதும்.

ஐயா வீட்டு மதில் மேலிருந்து, நடுவில் போகும் படிக்கட்டைத் தாண்டி, ஜெஸீமா வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மூடியில் பாய்ந்தாள் வாணி. ஒன்பது அடி. பதினேழு வயதுப் பெண், கால்சட்டை போட்டுக்கொண்டு. முஹ்ஸின் போனில் படம் பிடிக்கிறான். ஒரு பலாக்கொட்டை விழுந்தாலும் சத்தம் கேட்கும், இவள் வந்து இறங்கிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை. இதற்குப் பார்கூர் என்று பெயராம். மதில், கம்பி, படி, எது குறுக்கே நின்றாலும் சுற்றிப் போகாமல் தாண்டிப் போவதாம். முஹ்ஸின் இன்டர்நெட் கடையில் பார்த்து வந்து காட்டிய சனியன்.

ஐயா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார், "பாப்பம்மா, உன்ர பேத்தி என்ன சேர்க்கஸ்காரியோ? மரியாதையான ஆக்கள் இருக்கிற இடம் இது."

பதினெட்டு வருஷமாக அவர் வீட்டில் சமைக்கிறேன். அவர் வீட்டுப் பின் அறையில்தான் நாங்கள் இருக்கிறோம். அறைக்குள் வந்து வாணியை அகப்பைக் காம்பால் அடித்தேன்.

மார்ச் 10

மகனை அடக்கி வை என்று ஜெஸீமாவிடம் சண்டைக்குப் போனேன். "ஒங்கட பேத்திதான் எங்கட மகனுக்குப் படிச்சுக் குடுக்கிறா, பாப்பம்மாக்கா. அவன் விழுந்து பல்லும் ஒடஞ்சி ஈக்குது" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பு என் கணக்கில் இருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

மறுபடியும் பாய்ந்தாள். மறுபடியும் அடித்தேன்.

எனக்கு ஏன் கோபம் என்று அவளிடம் சொன்னேன். எண்பத்து மூன்று ஆடியில் கடைத் தெருவை எரித்துக்கொண்டு வந்தார்கள். இவள் அம்மா தெய்வானைக்கு அப்போது பத்து வயது, காய்ச்சல்; அவளைச் சேலையால் முதுகில் கட்டிக்கொண்டு பின் மதிலால் கீழே குதித்தேன். பத்தடி இருக்கும். கணுக்கால் உடைந்தது. சாக்கடைக்குள் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு விடியும்வரை கிடந்தேன். கால் இன்றைக்கும் கோணல். நாங்கள் உயிருக்குக் குதித்தோம், நீ விளையாட்டுக்குக் குதிக்கிறாயா என்று கேட்டேன்.

அதற்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "முன்பாதத்துல எறங்கி, தோள் வழியா உருண்டிருந்தீங்கன்னா கால் ஒடஞ்சிருக்காது அம்மாயி."

அடிக்கக் கை வரவில்லை. இருபத்தைந்து வருஷமாக ஒருத்தர்கூட என் காலைப் பற்றி இவ்வளவு யோசித்ததில்லை. அதுவும் கோபமாகத்தான் இருக்கிறது.

மே 1, வியாழன்

ஒரு வழி கண்டேன். வாணியின் அடையாள அட்டையை எடுத்துப் பருப்பு டப்பாவுக்குள் புதைத்தேன். கீழ்ச் சந்தியில் செக்பொயின்ட் போட்டு நாலு மாதமாகிறது. அட்டை இல்லாமல் எந்தத் தமிழ்ப் பிள்ளை அதைத் தாண்டும்? வீட்டில் அடங்கிக் கிடக்கட்டும். தெய்வானை குவைத்தில் யார் வீட்டு அடுப்படியிலோ வேகிறாள். பிள்ளைக்கு ஒன்று ஆனால் அவளுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

மே 3

அலுமாரியைக் கவிழ்த்துத் தேடுகிறாள். தேடட்டும்.

மே 4, ஞாயிறு

இதையும் எழுதணும்.

காலை பத்து மணி. ஐயா வீட்டுக் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஐயா எடுத்தார். "சத்தியவாணி?" என்று திருப்பிக் கேட்டார். என் பிள்ளை பேரு. துருவுறத நிறுத்திட்டேன். அவர் நல்ல சிங்களத்தில், "அந்துரன்னெ நே மாத்தயா. மெஹெ எஹெம கெனெக் நே" என்றார். தெரியாதாம். இங்க அப்படி ஒருத்தி இல்லையாம். எனக்குச் சிங்களம் தெரியும்னு அவருக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷம் அவருக்கு மீன் வாங்கினது யாரு, எந்தப் பாஷையில வாங்கினேன்?

போனை வைத்தார். யாருங்கய்யா என்று கேட்டேன். "ஆரோ நம்பர் மாறி எடுத்திட்டாங்கள். தேத்தண்ணி ஊத்து" என்றார்.

அடுப்பில் தண்ணீர் கொதிக்க முன்னமே முஹ்ஸின் மூச்சு வாங்க ஓடி வந்தான். அட்டை இல்லை என்று வாணி செக்பொயின்ட் பக்கம் போகவில்லை. அதற்குப் பின்னால் இருக்கிற மதிலைத் தாண்டியிருக்கிறாள். மூன்று பேர் துவக்கை நீட்டி, பிடித்துப் பொலிசுக்குக் கொண்டு போய்விட்டார்கள். இவன் றோட்டால் போய் அந்தப் பக்கம் காத்திருந்து எல்லாம் பார்த்தான்.

அட்ட இருந்தா நடந்து போயிருப்பா. நான் ஒளிச்சதாலதான் தாண்டினா. நான்தான். எழுதிட்டேன்.

மே 5

பொலிஸ் நிலையத்துக்கு ஜெஸீமா என் கையைப் பிடித்துக்கொண்டு கூட வந்தாள். அட்டையைத் துடைத்துக் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கிப் பார்த்தார்கள். இந்த விலாசத்தில் இப்படி ஒருத்தி இல்லையென்று அந்த வீட்டுக்காரரே சொல்லிவிட்டார், ஆகவே விலாசம் பொய், அட்டையும் பொய் என்றார்கள். எங்கள் அறைக்குத் தனி நம்பர் இல்லை. ஐயா வீட்டு நம்பர்தான். அவர் இல்லை என்றால் நாங்கள் எங்கேயும் இல்லை.

பொலிஸ் முத்திரை வைத்த குடும்பப் படிவம் ஒன்று இருக்கிறது, அதில் வாணியின் பெயரும் என் பெயரும் ஐயாவே எழுதியவை. அது அவர் அலுமாரியில். போய்க் கேட்டேன். சாவியைக் காணவில்லையாம்.

மே 8

சமைக்கப் போகவில்லை. மூன்று நாளாக அவர்கள் வீட்டில் கடையில் வாங்கிய பாண்தான் சாப்பாடு.

மே 11

பொலிஸ் நிலையத்துக்கு வெளியே வாங்குப் பலகையில் முஹ்ஸின் விடிய வந்து பொழுதுபட்டுத்தான் போகிறான். அவனையும் இரண்டு தரம் உள்ளே கூப்பிட்டு விசாரித்தார்கள். இன்றைக்கு ஒரு அறை வாங்கியிருக்கிறான், கன்னத்தில் தெரிகிறது. வீட்டுக்குப் போ தம்பி என்றால், "அவ வெளிய வந்து பாக்கக்கொள யாரும் இல்லாட்டி எப்பிடி பாட்டி?" என்கிறான். இவனை நான் என்னென்ன பேசியிருக்கிறேன்.

மே 14, புதன்

பின் கதவை யாரோ சுரண்டினார்கள். லீலாதேவி அம்மா. பழைய பேப்பரில் சுற்றி ஒன்றைத் தந்தார். படிவம். "அவர் கோயிலுக்குப் போயிட்டார். கெதியாக் கொண்டு ஓடும்" என்றார். வாசலில் நின்று அழுதார். அழ எனக்கு நேரம் இல்லை.

மே 15, வியாழன்

வந்துவிட்டாள்.

சோறு பிசைந்து ஊட்டினேன். அட்டையை ஒளித்தது நான் என்று சொன்னேன். "தெரியும் அம்மாயி. பருப்பு வாடை அடிச்சுச்சு" என்றாள். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

படுத்த பிறகு அவளாகவே சொன்னாள். படிவத்தைப் பார்த்த பின்னும் உடனே விடவில்லையாம். மதில் தாண்டுகிறவள் நீதானே, தாண்டிக் காட்டு என்று முற்றத்தில் மேசை அடுக்கினார்களாம். குதி, குதி என்று. காலையிலிருந்து மத்தியானம் வரை. சுற்றி நின்று கைதட்டிக்கொண்டு. எத்தனை தரம் என்று கேட்டேன். எண்ணவில்லையாம்.

மே 16

அறையைக் காலி செய்தோம். ஜெஸீமா தையல் மெஷினை நடைக்குத் தள்ளிவிட்டு எங்களுக்கு இடம் தந்தாள். அவளுடைய சிரிப்பைக் கணக்கிலிருந்து அழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மூன்று மாதம். மதில் பக்கமே போவதில்லை. ஒரு முழ அகலச் சாக்கடைக் கானைக்கூடப் பலகை போட்ட இடம் வரை சுற்றிப் போய்க் கடக்கிறாள். இன்றைக்குப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கவில்லை. கத்திவிட்டேன், குதிடி, ஒரு கானைத் தாண்ட முடியாதா உனக்கு என்று.

திரும்பிப் பார்த்துச் சொன்னாள், "அவங்களும் இப்பிடித்தான் சொன்னாங்க அம்மாயி."

இனி அந்தச் சொல் என் வாயில் வராது.

2009 ஜனவரி 2

கிளிநொச்சி விழுந்ததென்று சந்தியில் பட்டாசு. ஜெஸீமா கதவைச் சாத்தினாள். மேல் வீட்டில் விளக்கே இல்லை. ஐயாவின் தம்பி குடும்பம் கிளிநொச்சிப் பக்கம்தான். அது எனக்கு எப்போதும் தெரியும்.

ஜனவரி 14, புதன். பொங்கல்

விடியற்காலை கோலம் போட வெளியே வந்தேன். இரவு மழை பெய்து மதில் பாசி ஊறியிருந்தது. அதில் முன்பாதம் மட்டும் பதிந்த தடம், இரண்டு. இந்தப் பக்கம் தொட்டி மூடியிலும் இரண்டு. வாணி குசினியில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள், கால்சட்டை ஓரத்தில் பச்சைக் கறை. பொங்கல் பானையில் இரண்டு கை சர்க்கரை கூடப் போட்டேன்.

பத்து மணிக்கு லீலாதேவி அம்மா பொங்கல் புக்கை கொண்டுவந்தார். வாங்கிக்கொண்டேன், உட்காரக் கதிரை போட்டேன். அவருக்குப் பின்னால் வந்த ஐயா படிக்கட்டிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. மெலிந்துவிட்டார். "பாப்பம்மா, அண்டைக்கு எனக்குப் பயம் வந்திட்டுது. தம்பி அங்கால எண்டு தெரிஞ்சா என்னையும் கொண்டு போயிருப்பாங்கள்" என்றார்.

"எனக்குந்தான் பயம் ஐயா. பயந்துகிட்டேதான் போய் நின்னேன்" என்றேன்.

அவர் கையிலிருந்த குடையை மடக்கி விரித்து, மடக்கி விரித்து, படியேறிப் போனார். பெரிய மனுஷர், வாசல் தேடி வந்தார், விட்டுடுங்க அம்மாயி என்கிறாள் வாணி. அவள் விடட்டும், அவளுக்கு வயது இருக்கிறது. துவக்கு நீட்டிய பையன்களின் பெயர் எனக்குத் தெரியாது. கைதட்டினவர்களின் பெயரும் தெரியாது. முகம் தெரியாதவர்களை வைத்து நான் என்ன செய்ய? அட்டையை ஒளித்தவளோடு தினமும் ஒரே பாயில் படுத்து எழும்புகிறேன், அது எங்கள் இரண்டு பேருக்குள் உள்ள விஷயம்.

பிள்ளைக்கு அஞ்சு வயதில் தன் கையால் ஏடு தொடக்கி வைத்துவிட்டு, அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டுத் தெரியாது என்று சொன்னவர் ஒருவர். அவருக்கு மன்னிப்பு இல்லை. பெயர்: நவரட்ணராஜா, மேல் வீடு.