காது கிழிந்த ஆடு

ஜூன் 3, செவ்வாய்

ஒரு பக்கம் முழுசாக எழுத ஆசை. பாதியிலேயே கை வலிக்கிறது. எழுபத்தோரு வயதுக் கை. இன்று ஆவுடையார்கோவில் பஸ்ஸின் பலகையை நானே படித்தேன். வீட்டுக்காரி அழகம்மாளிடம் சொன்னால், "பஸ்ஸுல ஏறுனீங்களா, பலகையப் பாத்துக்கிட்டே நின்னுட்டீங்களா?" என்கிறாள். நின்றுவிட்டேன். பஸ் போய்விட்டது.

காது கிழிந்த வெள்ளாட்டைக் காலனி பெலிக்ஸுக்கு விற்றேன். பைக்கில் குறுக்கே வைத்துக்கொண்டு போனான்.

ஜூன் 5, வியாழன்

டீக்கடை ஆண்டிச்சாமி போனை நீட்டினான். "பெரியப்பா, ஒங்களுக்குத்தான் இப்ப எழுத்து தெரியுமே. படிங்க பாப்போம்."

எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தேன். 'ஆடு திருடும் கும்பல். பார்த்தால் விடாதீர்கள்.' எல்லாரும் கைதட்டினார்கள். வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

அப்புறம்தான் ஒருவன் சொன்னான்: "படத்துல இருக்குறது காலனி பெலிக்ஸு. நாளைக்குச் சந்தைக்குப் போவான்ல, பாலத்துல மறிப்போம்."

பெலிக்ஸா? என்னிடம் காசு கொடுத்துத்தானே வாங்கினான்? ஆனால் எழுத்தில் இருக்கிறதே. விசாரிக்காமலா எழுதுவார்கள்?

அதே நாள், முதியோர் எழுத்து வகுப்பு முடிந்து

பரிமளா டீச்சரிடம் கேட்டேன். அவர் போனுக்கும் அந்தப் படம் வந்திருந்தது. எழுத்தை மட்டும் விரலால் மூடிக் காட்டினார். "இப்ப என்ன தெரியுது ஐயா?"

பைக். பெலிக்ஸ். ஒரு ஆடு.

"திருடுறது எங்க தெரியுது?"

எங்கும் இல்லை.

"எழுதுனவங்க பேரு இருக்கா? இதே பைக்குல ஒங்க மகன் கோபிநாத் போனா இப்படி எழுதுவாங்களா?"

நான் ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது காது கிழிந்திருந்தது. ஐயோ, என் ஆடு! எழுத்துத் தெரியாத பழைய ரெங்கசாமியாக இருந்தால் நான் முதலில் ஆட்டைத்தான் பார்த்திருப்பேன்.

ஆண்டிச்சாமியிடம் ஓடிப்போய், அது நான் விற்ற ஆடு என்றேன். "நீங்கதானே படிச்சீங்க பெரியப்பா?" என்று சிரிக்கிறான். நாளைக்கு பெலிக்ஸை அடித்தால்?

ஜூன் 6, வெள்ளி

விடியும் முன் பாலத்தில் போய் நின்றேன். ஆறேழு பேர், கையில் கம்பு. "அது என் ஆடுடா, நான்தான் வித்தேன்" என்றேன். "பெருசு, ஒனக்கு எதுக்கு இது? அங்கிட்டுப் போ." பைக் வந்தது. இறங்கச் சொல்லி பெலிக்ஸ ஒருத்தன் அறைஞ்சுட்டான். நான் குறுக்க விழுந்து பைக்கப் புடிச்சுக்கிட்டேன். விடல. என்னை அடிக்க அவனுகளுக்குக் கை வரல. அவன அடிக்க மட்டும் எப்படி வந்துச்சு?

கலைந்து போனார்கள். எழுதுனது போதும்.

ஜூன் 7, சனி

எழுத வரவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் டீக்கடையில் எழுந்து நின்று, "அன்னைக்கி நான் படிச்சது பொய். அது நான் வித்த ஆடு" என்றேன். யாரும் கைதட்டவில்லை. ஆண்டிச்சாமி கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் பெலிக்ஸ் வந்து கிடாக்குட்டி ஒன்று வாங்கினான். பைக்கில் ஏற்றிய பிறகும் போகவில்லை.

"அய்யா, நீங்க வித்ததுன்னு ஒரு சீட்டு எழுதித் தாங்க."

எழுதினேன். இன்னொருவருக்காக நான் எழுதிய முதல் எழுத்து. ஒரு பிழை இல்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

கோபிநாத்தும் ஆடு வாங்கி விற்கிறவன்தான். அவன் பையில் சீட்டு கிடையாது.