பெயர் வைக்காத ரேடியோ

ஜூலை 3
எங்கள் எஃப்.எம். ஸ்டேஷன் மறுபடி கைமாறிவிட்டது. நந்தனம் ஆபீஸ் வாசலில் போர்டைக் கழற்றுவதை டீயும் கையுமாக நின்று பார்த்தேன். சினிமாப் பாட்டு மட்டும் போட்ட முதல் முதலாளிக்கு மைக்கில் நான் ‘தென்றல்’. நாள் முழுக்கச் செய்தி, விவாதம் என்று மாற்றியவருக்கு ‘சுடர்’. காலேஜ் பிள்ளைகளுக்காகக் கலாய்ப்பு நிகழ்ச்சி நடத்திய கம்பெனிக்கு ‘பப்ளி’. நாற்பத்தாறு வயதில் பப்ளி! அந்தப் பெயர் அவர்களுக்கே சொந்தமாம், இனி மைக்கில் சொல்லக்கூடாதாம். தாராளமாக எடுத்துக்கொண்டு போகட்டும்.

ஜூலை 5
புது முதலாளி கல்யாணராமன், மயிலாப்பூர்க்காரர். காலையில் பழைய பாட்டு, சாயங்காலம் கச்சேரி என்று திட்டம். “ஸ்டேஷனுக்குப் பேர் இன்னும் முடிவாகலை மேடம். புதுக் குரலும் தேடிண்டிருக்கோம். அதுவரைக்கும் நீங்க பாத்துக்கோங்கோ.”
அதுவரைக்கும் — அப்புறம்? மைக் இல்லாமல் எனக்கு என்ன தெரியும்?

ஜூலை 6
சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. காலையில் மைக்கைப் போட்டு, “நீங்க கேட்டுக்கிட்டு இருக்கறது...” என்று வழக்கம்போல ஆரம்பித்துவிட்டேன். எதைச் சொல்ல? சிரிப்பு வந்துவிட்டது. நிற்கவே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் யாசிர் மேஜைமேல் கவிழ்ந்து குலுங்குகிறான். “இன்னும் பேர் வைக்கலைங்க” என்று உண்மையைச் சொன்னேன். அவ்வளவுதான், போன் ஓயவில்லை. அடையாறிலிருந்து ஜலஜா மாமி: “பேர் வைக்காமலே கொழந்தையப் பாட விட்டுட்டேளா?” தி.நகர் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து அய்யாதுரை: “அத்த உடுக்கா. உன் பேரு இன்னா?”
இருபது வருஷத்தில் யாரும் கேட்டதில்லை.
“உம்மே ஹானி.”
“சூப்பரா கீதே! ஏன் ஒளிச்சி வெச்சினு இருந்தே?”

ஜூலை 7
இன்றும் என் பெயரைச் சொன்னேன். நாலைந்து முறை. ஒருமுறை தேவையே இல்லாமல்.

ஜூலை 10
ஐயோ, என்ன பண்ணிட்டேன். கல்யாணராமன் நல்ல செய்தி சொல்லத்தான் கூப்பிட்டார். வேலை எனக்கேதானாம். “ஆனா உங்க பேரை ‘மதுவந்தி’ன்னு வெச்சுக்கலாமா? ராகத்தோட பேர், நம்ம கச்சேரிக்கெல்லாம் பொருத்தமா இருக்கும்.”
“ஸ்டேஷனுக்கு என்ன வேணா வைங்க சார். எனக்கு ஏற்கெனவே இருக்கு.”
சொல்லிட்டு, பையை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். வேலை போச்சு. அப்புறம் ஏன் இவ்வளவு சந்தோஷமா இருக்கு? திருவல்லிக்கேணி வந்து இறங்கி, நின்ற இடத்திலேயே ரெண்டு பிளேட் பஜ்ஜி.

ஜூலை 11
யாசிர் போனில் கத்தினான். “ஆபா, உங்க இடத்துல உக்கார வெச்ச புதுப் பொண்ணு பாவம்! போன் பண்றவங்க எல்லாம் ‘ஹானி அக்கா எங்க’ன்றாங்க. சாரே ஒரு போனை எடுத்தாரு — அது ஜலஜா மாமி! செம டோஸ். உங்களை வரச் சொல்லிட்டாரு. உங்க பேரோடயே!”

ஜூலை 21
புதுப் போர்டு வந்துவிட்டது: தம்புரா எஃப்.எம். தி.நகரில் புடவை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். “நந்தனம், தம்புரா எஃப்.எம்.” டிரைவர் முழித்தார். காலேஜ் தாண்டி, இடது பக்கம் என்று வழி சொன்னேன்.
“அட, ஹானி அக்கா ரேடியோவா! அப்டி சொல்லக்கூடாதா?”
எனக்குச் சிரிப்பு முட்டியது. துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரித்தால் கண்டுபிடித்துவிடுவார்.