மாந்தோப்புக்கு நடுவே பிணம் போகும் பாதை

அன்புள்ள அண்ணா,

நீ கோடு போட்ட தோப்பில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இடது கையில் ஒன்பது தையல். பதறாதே, எழுதுகிற கை நன்றாகத்தான் இருக்கிறது.

நம் நெல் வயலை மேடாக்கி, தண்ணீர் வடிய வாய்க்கால் விட்டு, வடக்கே மா, கிழக்கே கொய்யா, நடுவே வகுப்புக் கொட்டகை என்று சுண்ணாம்புத் தூளால் தரையிலேயே வரைந்தாய். பிள்ளைகள் ஒட்டுக் கட்டிக்கொண்டே கணக்கும் படிக்கட்டும் என்றாய். ஊரே மெச்சியது. பிறகு குறுக்கே பத்தடி அகலத்துக்கு ஒரு பாதை இழுத்தாய் பார், அங்கேதான் வந்தது வம்பு. காலனிக்காரர்கள் பிணத்தோடு சேற்றில் விழாமல் இடுகாட்டுக்குப் போகும் பாதை.

"பள்ளிக்கூடத்துக்குள்ள பொணம் போவுமாடா?" என்று கத்தினான் நம் பெரியப்பா மகன் செல்வம்.

"போவட்டும். புள்ளைங்க எழுந்து நிக்கட்டும்" என்றாய்.

அந்தக் கோட்டின் மேலேயே உன்னை வெட்டினான். கழுத்தில் இரண்டு, முதுகில் ஒன்று. சுண்ணாம்பெல்லாம் ரத்தம். ஜாமீனில் வந்தவன், நிலத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று அந்த இடத்தில் இரும்புக் கேட் போட்டுப் பூட்டினான். நான் கன்று நட்டேன், கொட்டகை போட்டேன், வகுப்பும் தொடங்கினேன். கேட்டைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை காலனி அஞ்சலையக்கா போய்ச் சேர்ந்தாள். நம் மாங்கன்றுகளுக்கெல்லாம் குழி வெட்டியவள். நல்ல மழை. தூக்கி வந்தவர்கள் கேட்டுக்கு வெளியே முழங்கால் சேற்றில் தடுமாற, பாடை சரிந்தது. கடப்பாரையை எடுத்துப் பூட்டில் போட்டேன்.

"கைய வெட்டிடுவேன்டி!" என்று அரிவாளோடு ஓடிவந்தான் செல்வம். வெட்டினான். நான் கடப்பாரையை அவன் முழங்காலில் இறக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கு இனித்தது. உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? அடுத்து அவன் தலைக்கு ஓங்கினேன். அப்போதுதான் பார்த்தேன், கொட்டகையில் பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். அஞ்சலையக்காவுக்காகவா, என்னைக் கண்ட பயத்திலா?

கடப்பாரையைக் கீழே போட்டேன். பாடை உள்ளே போனது.

செல்வம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். என் மேலும் கேஸ். அடித்தேன் என்றே சொல்லப்போகிறேன்.

ஒன்றுதான் நெஞ்சை அறுக்கிறது. "என்னையும் இந்த வழியாவே தூக்கிட்டுப் போங்க" என்று சொல்லியிருந்தாய். நான் பயந்துபோய் உன்னைத் தார்ச்சாலை வழியாகச் சுற்றவிட்டு, நம் ஆட்களின் சுடுகாட்டுக்கே அனுப்பினேன். மன்னிப்பாயா?

கேட்டைப் பிடுங்கிவிட்டேன். இனி அங்கே எதுவும் நிற்காது. நான் பெற்ற பிள்ளைகளிடமும் சொல்லியாயிற்று: என்னை அந்தப் பாதையில்தான் தூக்க வேண்டும், அஞ்சலையக்கா பக்கத்தில்தான் புதைக்க வேண்டும்.

உன்னைச் சுற்றுவழியில் அனுப்பிய தங்கை,
வசந்தா